மாதாவுக்குப் பின்னால் உள்ள சுவர்

செப்டம்பர் 8, திங்கள்

இன்று வேளாங்கண்ணி மாதா திருநாள். ஊரில் சனங்கள் காவி உடுத்தி மொட்டை போட்டுக்கொள்ளும் நாளில், நானும் என் வீட்டுக்காரர் சவரிராஜும் பாரிசுக்கு வடக்கே, வீட்டுப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தேர் அலுவலகத்தில் உட்கார்ந்து தலையை நீட்டினோம். மொட்டை விழுந்ததா இல்லையா என்பது போகப் போகத் தெரியும்.

வாங்குவது இவருடைய சொந்த அண்ணன் ஆரோக்கியநாதனின் வீட்டை. நேரில் 'மாமா' என்பேன்; இந்த நோட்டில் 'பெரியவர்'. மாடிப்படி ஏற முட்டி வலிக்கிறதாம். வீட்டை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு ஃப்ளாட்டுக்குப் போகிறார்கள். "திருநாள் அன்னிக்கே கையெழுத்தைப் போட்டுடலாம், மாதா பார்த்துப்பா" என்று அவசரப்படுத்தினார். மாதா பார்த்துக்கொள்வாள் என்றால் நாம் எதற்குப் பார்க்க வேண்டும்? பார்க்கவில்லை.

என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். அந்தப் புண்ணியத்தில் இவரும் பிரெஞ்சுக் குடிமகன். ஐம்பத்தெட்டு வருடம் புதுச்சேரியில் அந்தக் குடியுரிமையை பீரோவில் வைத்திருந்துவிட்டு, இந்த ஆண்டு திடீரென்று எடுத்து உதறிப் போட்டுக்கொண்டோம். இங்கே மருத்துவம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். சும்மா ஒரு தகவலுக்காக எழுதி வைக்கிறேன். முத்தியால்பேட்டை வீட்டை ஜூனில் விற்றாயிற்று. திரும்பிப் போனால் மண்ணாடிப்பட்டில் என் தங்கை வீட்டு வராந்தாதான்.

முன் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் போட இவருக்கு வெகுநேரம் ஆனது. பேனா இரண்டு முறை கீழே விழுந்தது. நொத்தேர் அம்மாள் இரண்டு முறையும் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். அறையில் குளிர் அதிகம்.

கடைசியில் அந்த அம்மாள் நிதானமாகச் சொன்னாள்: நாளையிலிருந்து பத்து நாள். வாங்குகிறவர்கள் மனம் மாறினால் பதிவுத் தபால் அனுப்பி விலகிக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டாம். தம்பதியில் ஒருவர் அனுப்பினாலே போதும்.

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "நாங்க அண்ணன் தம்பி, மதாம்!"

நானும் சிரித்தேன். எல்லாரும் சிரிக்கும்போது சிரிப்பது என் பழைய வியாதி.

செப்டம்பர் 9, செவ்வாய்

வீடு கைமாறும் வரை அந்த வீட்டிலேயே விருந்தாளிகளாக இருக்கிறோம். வாங்கப்போகும் வீட்டில் விற்பவர் கையால் சாப்பிடுவது தனி அனுபவம். ரோசாலி அக்கா (பெரியவரின் மனைவி, எனக்கு ஓரகத்தி) மீன்குழம்பு வைத்திருந்தார். இருபத்தேழு வருடம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் நான். யார் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்திருக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். அக்கா என் முகத்தைப் பார்த்துப் பேசுவதே இல்லை. கர்வம் என்று வைத்துக்கொண்டேன். நாற்பது வருடம் பிரான்சில் இருந்தால் நான் இதைவிட அதிகமாகவே வைத்துக்கொள்வேன்.

சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். தரையில் கொட்டியவை அனைத்தும் சாமி அறைப் பக்கமாக உருண்டு போய் ஒரே மூலையில் கூடின. பிரார்த்தனைக்குப் போகிற கூட்டம் மாதிரி. அக்கா அவசரமாகப் பொறுக்கினார்.

சாப்பிட்டதும் நொத்தேர் கொடுத்த கோப்பைப் படித்தேன். விற்பவர் செலவில் செய்த சோதனைகள், அறுபத்து நான்கு பக்கம். கறையான் இல்லை, ஈயம் இல்லை, கல்நார் இல்லை. மின்சாரம் சரி. சுவர் நிற்குமா என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை.

செப்டம்பர் 10, புதன்

இவருடைய சட்டைகளில் பொத்தான்களை எடுத்துவிட்டு வெல்க்ரோ ஒட்டுப்பட்டை தைத்தேன். இப்போது அதுதான் ஃபேஷன்.

செப்டம்பர் 11, வியாழன்

தினமும் மாலை ஆறு மணிக்கு ஜெபமாலை. சாமி அறையின் கடைசிச் சுவரில் பலகை அடித்து, அதன்மேல் மூன்றடி மாதா சொரூபம். வேளாங்கண்ணியிலிருந்து விமானத்தில் வந்து, பங்குச் சாமியார் கையால் மந்திரிக்கப்பட்டது. நிஜப் பட்டில் முக்காடு. அதைத் தொடுகிற உரிமை குளித்துவிட்டு வரும் பெரியவருக்கு மட்டும். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு புனிதர்கள் சட்டம் போட்டுத் தொங்குகிறார்கள். சுவர் தெரிகிற இடமே இல்லை.

ஜெபமாலையில் மூன்றாவது பத்து மணிகளை உருட்டும்போது பார்த்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறி கிடையாது. மாதாவின் முக்காடு மெல்ல ஆடியது.

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாலு வருஷமா இப்படித்தாம்மா. வெயில் காலம் முடியறப்போ வருவா."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு நிமிடம் நானும் நம்பினேன், அதை மறைக்கப்போவதில்லை. இரண்டாவது நிமிடம், வெங்காயமெல்லாம் இந்த மூலைக்குத்தானே வந்தது என்று நினைப்பு வந்தது. மீதி மங்கள வார்த்தை செபங்களை நான் சொன்னேனா, உதடு சொன்னதா, தெரியாது.

செப்டம்பர் 12, வெள்ளி

ஸ்டேஷன் பக்கத்தில் ரதிதேவியின் மளிகைக் கடை. யாழ்ப்பாணத்துக்காரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாயில் பத்து வயது மூத்தவள். முருங்கைக்காய் எடை போட்டுக்கொண்டே கேட்டாள்:

"ஆரிட்டை வீடு வாங்கிறியள் அக்கா?"

"என் வீட்டுக்காரரோட அண்ணன்கிட்ட."

"எக்ஸ்பெர்ட் ஆரையும் கூப்பிட்டுக் காட்டினனீங்களோ?"

"சொந்தக்காரங்கதானே..."

முருங்கைக்காயைத் தராசிலேயே விட்டுவிட்டாள். "பிறத்தியார் எண்டால் ஒரு ஆளைக் கூப்பிடோணும் அக்கா. சொந்தக்காரர் எண்டால் ரெண்டு பேரைக் கூப்பிடோணும். நான் என்ரை மச்சானிட்டை வாங்கின வீட்டிலை நாலு வரியமா கட்டிலுக்குப் பக்கத்திலை வாளி வைச்சுப் படுக்கிறன். மச்சான் கோவில் திருவிழாவிலை என்னைக் கண்டா மற்றப் பக்கத்தாலை சாமி கும்பிடுறார்."

ரசீதின் பின்னால் ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தாள். முசியே லெருவா, கட்டட நிபுணர். "விக்கிறவன்ரை ஆளும் இல்லை, புரோக்கரின்ரை ஆளும் இல்லை. நீங்கள் காசு குடுத்தால் உங்கடை ஆள்."

இன்று நான்காம் நாள்.

செப்டம்பர் 13, சனி

இவரைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்தோம். கையைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். இருபத்து நான்கு டிகிரி வெயில். அவருக்குக் குளிர், அவ்வளவுதான்.

"ஏங்க, வீட்டை ஒரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவமா?"

"எந்த வூட்டை?"

"நாம வாங்குற வீட்டை."

"அண்ணன் வூட்டையா?" குரல் உயரவில்லை. அதுதான் அவரிடம் பயம். "எங்கப்பா சாவும்போது எனக்கு ஒம்போது வயசு. அவருதான் இங்க வந்து மூட்டை தூக்கி என்னைப் படிக்க வெச்சாரு. அவரு வூட்ல ஆளை வுட்டு சோதனை போடச் சொல்றியா?"

"சோதனை இல்லைங்க. பார்க்கிறது."

"போலீஸ்கூட அப்படித்தான் சொல்லும்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சொன்னார்: "பிலோ, எனக்கு வூடு முக்கியம் இல்ல. ரெண்டு தெரு தள்ளி அண்ணன் இருப்பாரு. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா உனக்கு ஒரு ஆளு வேணும் இல்ல?"

இருபத்தொன்பதாம் தேதி ஆசுபத்திரியில் வெறும் செக்கப்தான். அதற்கு ஏன் இந்தப் பேச்சு என்று அதட்டிவிட்டு வாத்து பார்க்கப் போனேன். வாத்துகள் நன்றாக இருந்தன. கண்ணுக்குள் ஏதோ விழுந்துவிட்டதால் சரியாகப் பார்க்க முடியவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசை முடிந்து கோவில் வாசலில் பெரியவர் எல்லாரிடமும் சொன்னார்: "தம்பி வாங்கிட்டான்." அக்டோபர் ஐந்தாம் தேதி சாமியார் வந்து வீடு மந்திரிக்கிறாராம். நாற்பது பேருக்குப் பிரியாணி. பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டால் ஒரு தமிழ்க் குடும்பத்தில் எதுவும் பின்வாங்க முடியாது. கலியாணங்களே பல அப்படித்தான் நடந்திருக்கின்றன, என்னுடையது உட்பட.

செப்டம்பர் 15, திங்கள்

முசியே லெருவாவுக்கு போன் செய்தேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, என் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் கிசுகிசுத்தேன். நான் யாரையோ கொலை செய்ய ஆள் அமர்த்துகிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கட்டணத்தைச் சொன்னார். லூர்து நகருக்கு யாத்திரை போகச் சேர்த்து வைத்த பணம் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருந்தது. லூர்து மாதாவைப் பார்க்க வைத்திருந்த பணத்தில் வேளாங்கண்ணி மாதாவின் முதுகைப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒருவரே என்று மறைக்கல்வியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தைரியம்தான்.

நாளை இரண்டு மணி. செவ்வாய்க்கிழமைகளில் பெரியவர் பழைய கூட்டாளிகளோடு இரும்புக் குண்டு உருட்டி விளையாடப் போவார். இவரையும் கூட அனுப்பி வைக்க வேண்டும். அக்கா அந்த நேரம் மாடியில் தூங்குவார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

லெருவா ஒல்லியான மனிதர், அறுபது வயதிருக்கும். உள்ளே வருவதற்கு முன் வெளியில் நின்று வீட்டை அரைமணி நேரம் பார்த்தார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. தோட்டத்து மண்ணைக் காலால் தட்டினார். களிமண், கோடையில் வெடிப்பு விட்டிருந்தது. ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடினார். தரையில் ரசமட்டம் வைத்தார். பிறகு சாமி அறைக்கு வந்து, புனிதர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதையெல்லாம் நகர்த்த முடியுமா, மதாம்?"

முடியாது என்றேன். அந்தச் சுவரைப் பார்க்காமல் அறிக்கை தர முடியாது என்றார். சரி என்று கையை நீட்டினேன். கை போகவில்லை. ஐம்பத்து நான்கு வயதுப் பெண்பிள்ளை, முன்னாள் ஆசிரியை, மூன்றடிப் பொம்மை முன்னால் நீட்டிய கையோடு நிற்கிறேன்.

"தள்ளு. நீ தூக்கினா போட்டு உடைப்ப."

பின்னால் ரோசாலி அக்கா. தூங்கவே இல்லை. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ.

"அக்கா, இவரு வந்து... இன்சூரன்ஸ்ல..."

"பொய் சொல்லாத பிலோமி. உனக்கு வராது. காது செவந்துடுது." சிலுவைக் குறி போட்டார். மாதாவை இரண்டு கையாலும் குழந்தையைப் போல் வாரி எடுத்து நாற்காலியில் வைத்தார். புனிதர்களை ஒவ்வொருவராகக் கழற்றினார். பின்னால் பூப்போட்ட புதுச் சுவர்த்தாள், நடுவில் ஒட்டு விட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு.

தாளைக் கிழிக்கத் தமக்கு அனுமதி இல்லை என்றார் லெருவா. அக்காவுக்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை. நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பி, ஒரே இழுப்பு.

கூரையிலிருந்து தரை வரை படிக்கட்டு மாதிரி இறங்கும் பிளவு. என் சுண்டுவிரல் உள்ளே போனது. உள்ளேயிருந்து காற்று வந்து விரலில் பட்டது. தோட்டத்து வாசனை. அதுதான் முக்காட்டை ஆட்டியது.

லெருவா அளந்தார், குறித்தார், படம் எடுத்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. டாக்டர்களிடம் இப்போதெல்லாம் இந்த முகத்தை நிறையப் பார்க்கிறேன்.

அவர் போன பிறகு அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாலு வருஷம் ஆச்சு. வெயில்ல மண்ணு சுருங்கி இந்த மூலை கீழ எறங்குது. இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிட்டான். அன்னிக்குதான் இவரு மாதாவை இங்க கொண்டாந்து வெச்சாரு. மறைக்க இல்ல பிலோமி, சத்தியமா இல்ல. அவ தாங்கிப்பான்னு."

"அப்புறம்?"

"அப்புறம் மூணு பேரு வூடு வாங்க வந்தாங்க. மூணு பேரும் ஆளைக் கூட்டியாந்து காட்டிட்டுத் திரும்பி வரல." கிழிந்த தாளை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தார். "தம்பின்னா பார்க்க மாட்டான்னு சொன்னாரு."

இத்தனை நாள் அவர் ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்று புரிந்தது. கர்வம் என்று எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். பேனாவில் எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

இருவரும் சேர்ந்து தாளை ஒட்டி, மாதாவைத் திரும்ப வைத்தோம்.

செப்டம்பர் 17, புதன்

அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. அஸ்திவாரத்துக்குக் கீழே ஆழமாகத் தூண் இறக்கித் தாங்க வேண்டும். செலவு வீட்டு விலையில் பாதிக்கு மேல். கடைசி வரியை நான்கு முறை படித்தேன்: 'இந்த நிலையில் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.' எவ்வளவு மரியாதையான ஊர். எங்கள் ஊரில் என்றால் 'ஓடிடு' என்று ஒரே வார்த்தை.

காலையிலேயே பெரியவர் கண்டுபிடித்துவிட்டார். புனித அந்தோணியாரும் புனித சவேரியாரும் இடம் மாறித் தொங்கினார்களாம்.

"மாதாவை யாரு தொட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: "நான்தான்."

"எதுக்கு?"

"பார்க்க வந்தவருக்குக் காட்ட."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, உயிரோட இருக்கிற வூட்டுக்குப் பிரேதப் பரிசோதனையா? நான் உன்னை ஏமாத்துறேன்னு நெனைச்சியா?"

"நினைக்கலை மாமா. சுவர் விழுந்திடுமோன்னு நினைச்சேன்."

"நாலு வருஷமா விழல!"

"மாதாவுக்குக் கை வலிக்காதா மாமா?"

குறும்பாகச் சொல்ல நினைத்தது. வெளியே வரும்போது குரல் உடைந்துவிட்டது. அவர் தோட்டத்துக்குப் போய் காய்ந்த புல்லுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தார்.

இவரிடம் அறிக்கையைக் காட்டினேன். தாள் அவர் கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. மேசையில் வைத்துப் படித்தார். முழுக்கப் படித்தார்.

"நான் வாக்குக் குடுத்துட்டேன், பிலோ."

"நான் குடுக்கலைங்க."

நாளை கடைசி நாள்.

செப்டம்பர் 18, வியாழன்

கடிதம் நான்கே வரி. நொத்தேர் சொன்னபடி காரணம் எழுதவில்லை. காரணம் எழுதாமல் நான் எழுதிய முதல் கடிதம் இதுதான். லீவு லெட்டரில்கூட மூன்று காரணம் எழுதுவேன்.

தபால் அலுவலகத்தில் பதிவுத் தபாலுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். பெறுநர் இடத்தில் நொத்தேர் முகவரியை எழுதினேன். அனுப்புநர் முகவரி என்று இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். முத்தியால்பேட்டை முகவரி இனி எங்களுடையது இல்லை. இந்த ஊரில் வேறு முகவரியும் இல்லை. பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். பெரியவர் வீட்டு முகவரியையே எழுதினேன். அந்த வீட்டை வேண்டாம் என்று சொல்கிற கடிதத்துக்கு அத்தாட்சி அட்டை அந்த வீட்டுத் தபால்பெட்டியில்தான் வந்து விழும். கவுண்டர் பெண் முத்திரை குத்தினாள். மணி பதினொன்று பத்து.

வெளியே வந்தால் பேருந்து நிறுத்த பெஞ்சில் இவர் உட்கார்ந்திருக்கிறார். ஒட்டுப்பட்டையைக் கோணலாக ஒட்டிக்கொண்டு, ஒரு பக்கம் சட்டை மேலே ஏறி. தனியாக உடுத்தித் தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறார். ஆறு மாதமாக அது நடந்ததில்லை.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

பெருமூச்சு விட்டார். கோபம் இல்லை. கனமான மூட்டையை யாரோ வாங்கிக்கொண்டது போல. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆடிக்கொண்டே இருந்தது. இன்று குளிர் என்று எழுத மனம் வரவில்லை.

"பிலோ, நான் ஒண்ணு சொல்லுவேன். கோச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அண்ணன் முன்னாடி நான் உன்னைத் திட்டணும். எனக்குத் தெரியாம நீயா பண்ணிட்டேன்னு."

முப்பத்தொரு வருடத்தில் இவர் என்னைத் திட்டியதே இல்லை. திட்டத் தெரியாது. அந்த வேலை எப்போதும் என்னுடையது. "நல்லா சத்தமா திட்டுங்க. சும்மா முணுமுணுக்காதீங்க" என்றேன். பஸ்ஸில் வரும்போது ஒத்திகைகூடப் பார்த்தோம்.

நான்கு மணிக்குக் கூடத்தில் அரங்கேற்றம். பெரியவர் நாற்காலியில். அக்கா சமையலறை வாசலில். நான் தலையைக் குனிந்து நின்றேன்.

"அண்ணே, இவ... இவ என்னைக் கேக்காம லெட்டர் போட்டுட்டா! புத்தி இருக்கா உனக்கு? குடும்ப மானத்தை..." அவ்வளவுதான். நின்றுவிட்டார். வாய் அசைகிறது, வார்த்தை வரவில்லை.

"...தபால்ல போட்டுட்டியே," என்று தலையைக் குனிந்தபடியே எடுத்துக் கொடுத்தேன்.

"தபால்ல போட்டுட்டியே!" என்றார். "உன்னை... உன்னை..."

"நம்பினேன் பாரு."

"நம்பினேன் பாரு!"

பெரியவர் எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். தம்பியின் சட்டையில் கோணலாக இருந்த ஒட்டுப்பட்டையைப் பிரித்து, நேராக ஒட்டினார். அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பத்து நாள் ஒரே மேசையில் சாப்பிட்டும் பார்க்கவில்லை. அவருக்குச் சுவரைப் பார்க்காமல் இருப்பதே முழுநேர வேலையாக இருந்திருக்கும். இரண்டு கையாலும் அதைப் பிடித்தார். அவர் பிடித்த பிறகும் அது ஆடியது.

"எத்தினி நாளா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அவளைத் திட்டாதடா," என்றார் பெரியவர். குரல் தேய்ந்திருந்தது. "ரெண்டு பேருக்கும் நடிக்கத் தெரியல. சொல்லு, எங்க போய் இருப்பீங்க?"

அந்த இடத்துக்கு நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. இவர் எனக்காகக் காத்திருந்தார், நான் எடுத்துக் கொடுப்பேன் என்று.